பகல் பஸ் போன நேரம்

1943ஆம் ஆண்டு மார்ச் மாதம் 8ஆம் தேதி, திங்கட்கிழமை. முதல் பஸ்ஸின் ஹாரன் கேட்டு எழுந்தேன். உமிக்கரியால் பல் துலக்கினேன். கொல்லைப்புறத்துக் கல்லில் என்னை உட்காரவைத்து அக்கா ஏழு செம்பு தண்ணீர் ஊற்றினாள். பழைய சோறும் சின்ன வெங்காயமும் சாப்பிட்டேன். தொழுவத்தைக் கூட்டி, சாணியை அள்ளிக் குழியில் போட்டேன். ஒன்பது மணிக்குச் சற்று முன்பாகப் பள்ளிக்கூடம் போனேன். கணக்கும் பூகோளமும் நடந்தன. பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்து சாப்பிட்டேன். அதுவரை குறித்துவைக்கும்படி எதுவும் நடக்கவில்லை.

இதை நினைவிலிருந்து எழுதவில்லை. அன்றைக்கே பென்சிலால் எழுதியது. அந்த நோட்டைப் பிற்பாடு கரையான் அரித்துவிட்டது. நல்ல வேளையாக அதற்கு முன்பே வேறொரு நோட்டில் பிரதி எடுத்திருந்தேன். எனக்கு இப்போது ஐம்பத்திரண்டு நடக்கிறது. அன்றிலிருந்து இன்றுவரை எழுதாமல் விட்ட நாட்கள் பத்தொன்பது. பெரும்பாலும் பிரசவ நாட்கள்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்களிடம், அப்பாவிடமிருந்து என்று சொல்லிவிடுவேன். அது பாதி உண்மை. ஒரு புத்தகத்தில் எழுதியிருந்தபடி, அந்த மார்ச் 8ஆம் தேதிக்குள் நான் தண்ணீரில் இறந்திருக்க வேண்டும். அதற்கு நான்கு மாதம் முன்பு அந்தப் புத்தகத்தை நானே படித்துவிட்டேன். மிச்சமிருக்கும் நாட்களில் என்ன நடக்கிறது என்று யாராவது எழுதிவைத்தால் நல்லது என்று எனக்குத் தோன்றியது. எங்கள் வீட்டில் எழுதத் தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான். அப்பாவுக்கு வயல் வேலை சரியாக இருந்தது.

எங்கள் ஊர் கீரனூருக்குத் தெற்கே, புதுக்கோட்டை போகும் ரோட்டின் மேலேயே இருந்தது. ரோட்டிலிருந்து மூன்றாவது வீடு எங்களுடையது. நம் வயதுக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை: அந்த நாட்களில் ரோட்டோர ஊர்களில் கடிகாரம் கிடையாது, பஸ் உண்டு. முதல் பஸ்ஸுக்கு எழுந்தோம். பகல் பஸ்ஸுக்கு உலையை இறக்கினோம். பொழுது பஸ்ஸுக்கு மாடுகளை உள்ளே கட்டினோம். பால் கறப்பது, நாற்றுக்கு ஆள் கூப்பிடுவது, காய்ச்சல்காரனுக்குக் கஷாயம் கொடுப்பது எல்லாம் அந்த ரப்பர் ஹாரனின் கணக்கில் நடந்தன. 1938இல் அப்பா ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கி மாட்டினார். அதன் பிறகும் ஆத்தா பஸ்ஸைத்தான் நம்பினாள். கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க மறந்துபோகும், பஸ்ஸுக்கு யாரும் சாவி கொடுக்க வேண்டாம் என்பாள்.

அந்தப் புத்தகம் என்பது ஒரு தடித்த நோட்டு. சிவப்புத் துணி ஒட்டிய அட்டை. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்ததால் பக்கங்களின் ஓரம் மொடமொடவென்று இருக்கும். கற்பூரமும் பழைய பெட்டியும் கலந்த வாசனை. அதில் எங்கள் குடும்பத்தார் எல்லோருடைய ஜாதகமும் வரிசையாக ஊதா மையில் எழுதப்பட்டிருந்தது. நெல்லுக் குதிருக்குப் பக்கத்திலிருந்த மரப்பெட்டியில் பூட்டி வைத்திருப்பார்கள்.

1942 கார்த்திகையில் விராலிமலையிலிருந்து அக்காவைப் பெண் கேட்டு வந்தார்கள். அப்பா வெற்றிலை வாங்கக் கடைக்குப் புறப்பட்டவர், பெட்டிச் சாவியை என்னிடம் கொடுத்து, “நோட்ட எடுத்து அக்கா பக்கத்துல ஒரு நூலப் போட்டு வையி” என்று சொல்லிவிட்டுப் போனார். அக்காவுக்கு அடுத்த பக்கம் என்னுடையது என்பது அந்த அவசரத்தில் அவருக்கு மறந்திருக்க வேண்டும். அல்லது என்னால் அதைப் படிக்க முடியாது என்று நினைத்திருக்கலாம். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு.

கட்டங்களுக்குள் இருந்தது ஒன்றும் புரியவில்லை. மேலே ஜனன நேரம் பகல் மணி 12-45 என்று இருந்தது. கீழே பலன் இருந்தது. இரண்டாவது வரி: ‘இந்த ஜாதகிக்குப் பதினொரு வயது பூர்த்தியாகுமுன் ஜலத்தால் கண்டம். தப்பினால் தீர்க்காயுள்.’

அழவில்லை. அக்காவின் பக்கத்தில் நூலைப் போட்டு வைத்தேன். விராலிமலைக்காரர்களுக்குப் பொருத்தம் சரியாக வரவில்லை. அவர்கள் மோர் குடித்துவிட்டுப் போனார்கள்.

அன்றைக்கு என் மனதில் இருந்தது பயத்தைவிட ஒருவகைத் தெளிவு. காரணம் தெரியாமல் கிடந்த பல விஷயங்களுக்கு ஒரே நேரத்தில் காரணம் கிடைத்துவிட்டது. என் வயதுப் பிள்ளைகள் எல்லாம் ஊருணிக்குத் தண்ணீர் எடுக்கப் போவார்கள், நான் போனதில்லை. எனக்குப் பதிலாகவும் அக்காதான் குடம் சுமப்பாள். கண்மாயில் குளித்ததில்லை, கொல்லைக் கல்லில் செம்புத் தண்ணீர்தான். மழை பிடித்தால் பள்ளிக்கூடம் கிடையாது. ஒரு வருடம் ஆடி அமாவாசைக்கு வீட்டில் எல்லோரும் பஸ் மாறி மாறிக் கட்டுமாவடிக்குக் கடலாடப் போனார்கள். என்னைப் பக்கத்து வீட்டில் விட்டுப் போனார்கள். திரும்பி வரும்போது ஒரு துணி முடிச்சு நிறையச் சோழிகளும் கருவாடும் கொண்டுவந்தார்கள். எனக்குச் சோழிகள் அத்தனையும் கிடைத்தன. கடல் எப்படி இருந்தது என்று அக்காவைக் கேட்டதற்கு, “தண்ணியா இருந்துச்சு” என்று மட்டும் சொன்னாள்.

அக்காவுக்கு என் மேல் கோபம் இருந்தது நியாயம்தான். என்னை யாரும் அடிப்பதில்லை. பணியாரத்தில் பெரியது எனக்கு. “ஒனக்கென்னடி, கோயில் மாடு. எந்த வெள்ளாமையில வாய வச்சாலும் கேக்க ஆளில்ல” என்பாள்.

இன்னொன்றும் கவனித்தேன். தீபாவளிக்கு எங்கள் இருவருக்கும் ஒரே துணியில் பாவாடை தைப்பார்கள். வளரும் பிள்ளைகளுக்குக் கீழே இரண்டு டக் பிடித்துத் தைப்பது வழக்கம். உயரம் கூடக்கூடப் பிரித்து விட்டுக்கொள்ளலாம். அக்காவின் பாவாடைகளில் எப்போதும் டக் இருந்தது. என்னுடையவற்றில் இல்லை. தையல்காரர் கேட்டபோது, “சின்னவளுக்கு வேணாம், இருக்குற அளவுக்குத் தையிங்க” என்று ஆத்தா சொன்னது எனக்கு நினைவிருந்தது. சொல்லும்போது கேட்டதுதான், நோட்டைப் படித்த பிறகுதான் காதில் விழுந்தது. 1961இல் ஒருமுறை அதைப் பற்றி ஆத்தாவிடம் கேட்டேன். “துணி பத்தாமப் போயிருக்கும்” என்றாள். ஒரே துணியில் வெட்டியது அது.

சாவைப் பற்றி அதுவரை எனக்கு எந்த அபிப்பிராயமும் இருந்ததில்லை. ஊரில் சாவு விழுந்தால் பறை கேட்கும், பள்ளிக்கூடம் விடுவார்கள். நோட்டைப் படித்த பிறகு அது பஸ்ஸைப் போல ஆகிவிட்டது. நேரம் குறித்திருக்கிறது, வரும், ஏறிக்கொள்ள வேண்டும். அந்த நான்கு மாதமும் நான் நன்றாகச் சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன். நாட்களை எண்ணினேன். எண்ணுவதில் ஒரு நிம்மதி இருந்தது. ஆனால் ஒரு விஷயம் மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது.

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு சரி. வாத்தியார் தை மாதம் வீட்டுக்கு வந்து, என்னைப் புதுக்கோட்டையில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் முதல் பாரத்தில், அதாவது ஆறாம் வகுப்பில், சேர்க்கலாம், பெயர் கொடுக்கட்டுமா என்று அப்பாவிடம் கேட்டார். அப்பா மாட்டுக் கயிற்றைத் திரித்துக்கொண்டே, “மாசி கழியட்டுங்க. அப்பறம் சொல்றேன்” என்றார். வாத்தியார், மாசிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார். எனக்குச் சம்பந்தம் தெரிந்திருந்தது. சாவதைவிட, சாகாமல் போனாலும் பெயர் கொடுக்கும் நாள் தவறிவிடுமோ என்றுதான் நான் கவலைப்பட்டேன். பதினொரு வயதின் கவலை அப்படித்தான் இருந்தது.

நட்சத்திரக் கணக்குப்படி மார்ச் 9ஆம் தேதி எனக்குப் பதினொன்று நிறைகிறது. ஆகவே 8ஆம் தேதி கடைசி நாள். அப்பா அன்று வயலுக்குப் போகவில்லை. சாப்பிட வந்த என்னையும் பள்ளிக்கூடத்துக்குத் திரும்ப அனுப்பவில்லை. வீட்டு வாசலில் உட்கார்ந்து, பிய்யாத கூடை ஒன்றைப் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தார். ஆத்தா மூன்று முறை வந்து கொல்லைப்புறத்துத் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனாள். அதைக் காலையிலேயே கவிழ்த்து வைத்தாயிற்று.

அன்று துணைக்கு அத்தையை வரச் சொல்லியிருந்தார்கள். அப்பாவின் தங்கை, கீரனூரில் கட்டிக்கொடுத்திருந்தது. பகல் பஸ்ஸில் வர வேண்டியவள். அது யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களுக்குப் பின்னால் கரி அடுப்பு கட்டியிருந்தார்கள். கண்டக்டர் இறங்கி அடுப்பின் பிடியைச் சுற்றுவதும், மேடு வந்தால் ஜனங்கள் இறங்கித் தள்ளுவதும் உங்களில் பலரும் பார்த்திருப்பீர்கள். பன்னிரண்டே முக்காலுக்கு வர வேண்டிய பஸ் எங்கள் கடிகாரத்தில் இரண்டு இருபதுக்கு வந்தது.

“ஏ மருமவளே! உசுரோட இருக்கியாடி?”

அத்தை ரோட்டிலிருந்தே கத்தினாள். வீட்டில் நான்கு மாதமாக, ஏன் பதினொரு வருடமாக, யாரும் வாய்விட்டுச் சொல்லாததை அவள் பஸ் ஜனங்கள் அத்தனை பேருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டாள். ஆத்தா ஓடிவந்து, “வந்ததும் வராததுமா நல்ல வாக்கு! மொதல்ல மொகத்தக் கழுவுங்க, கரியாக் கெடக்கு” என்றாள்.

“நான்தான் அண்ணி செத்துப் பொழைச்சு வந்துருக்கேன். மேட்டுல ஏற மாட்டேன்னு நின்னுக்கிச்சு. ஆம்பளைங்கள்லாம் எறங்கித் தள்ளுறாக. அந்தக் கண்டக்டரு பய என்னையும் எறங்குங்கிறான். நான் டிக்கெட்டு எடுத்தது குந்திக்கிட்டு வர்றதுக்குடா, தள்ளுறதுக்கில்லன்னுட்டேன்.” அத்தை சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள், கரி இன்னும் பரவியது. “இவ பொறந்த அன்னைக்கும் இதே கூத்துதான். அன்னைக்குக் கரி இல்ல, டயரு.”

இந்தக் கதையை அத்தை எங்கள் வீட்டு விசேஷங்களில் எல்லாம் சொல்வாள். எட்டு ஒன்பது முறையாவது கேட்டிருப்பேன். நான் பிறந்த அன்று, பிரசவத்துக்குத் துணையாக வரக் கிளம்பி, பஸ் டயர் வெடித்துக் கீரனூரிலேயே காத்துக் கிடந்தது. எங்கள் ஊரில் இறங்கும்போது நான் பிறந்து அழுதது. எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். அன்று சிரிக்க வரவில்லை. நோட்டில் பார்த்த எண் நினைவுக்கு வந்தது.

“ஏன் அயித்த, அன்னைக்கு எத்தன மணிக்கு பஸ்ஸு கெளம்புச்சு?”

“மணியா? எனக்கு எங்கடி மணி தெரியும்? தாலுகா கச்சேரி வாசல்ல கருவாடாக் காஞ்சு ஒக்காந்திருக்கேன். ஒரு டயரு போயி ரெண்டாவதும் போச்சுங்கிறான். அங்கிட்டுக் கச்சேரியில மணிக்கொருக்கா மணி அடிக்கிறான். நாலு அடிச்சதுக்கு அப்பறந்தான் கெளம்புச்சு.”

“நாலா?”

“நாலுதான். வெரல விட்டு எண்ணுனேன்ல. இங்கிட்டு ஒங்க ஆத்தா பெத்துப்புட்டாளோ என்னமோன்னு நான் எட்டி எட்டிப் பாத்துக்கிட்டு இருக்கேன், அங்கிட்டு அவன் சாவகாசமா அடிக்கிறான்.”

நான் அப்பாவிடம் போனேன். “அப்பா, நோட்டுல என் நேரம் பன்னண்டே முக்கால்னு இருக்கு” என்றேன்.

அப்பாவின் கை கூடையில் நின்றது. ஆத்தா உள்ளிருந்து வந்தாள். “எந்த நோட்டு? நீ எப்பப் பாத்த?”

“கார்த்திகையில.”

“படிச்சியா?”

“படிச்சேன்.”

அப்பா என்னைப் பார்க்காமல் அத்தையைப் பார்த்துக் கேட்டார்.

“நீ அன்னைக்குப் பகல் பஸ்ஸுலதான வந்த?”

“பகல் பஸ்ஸுலதாண்ணே வந்தேன்.”

“பகல் பஸ்ஸு பன்னண்டே முக்காலுக்கு.”

“அது வர்ற அன்னைக்கில்ல!” என்றாள் அத்தை.

நடந்தது இதுதான். நான் பிறந்த அன்று அப்பா மணப்பாறை மாட்டுச் சந்தைக்குப் போயிருந்தார். மறுநாள் வந்து மருத்துவச்சியிடம் நேரம் கேட்டார். கதவு சாத்திய அறை, உள்ளே விளக்கு. அவளுக்குப் பொழுது எதுவென்று தெரியாது. பகல் பஸ் ஹாரன் அடித்தபோது தலை வெளியே வந்தது என்று சொன்னாள். அத்தையும் பகல் பஸ்ஸில்தானே வந்தாள். ஆகவே எல்லோரும் ஆமாம் என்றார்கள். மற்றவர்களாக இருந்தால் உச்சிப்பொழுது என்று ஜோசியரிடம் சொல்லியிருப்பார்கள். அப்பா அப்படிப்பட்டவர் அல்ல. அடுத்த நாள் ரோட்டில் காத்திருந்து பஸ்ஸை நிறுத்தி, இந்த ஊருக்கு எத்தனை மணிக்கு வருகிறீர்கள் என்று கண்டக்டரைக் கேட்டு, நிமிஷக் கணக்காகக் குறித்துக்கொண்டு போய்ச் சொல்லியிருக்கிறார். ஊரிலேயே மிகச் சரியாகப் பிறந்த நேரம் எழுதப்பட்ட பிள்ளை நான் என்று அவருக்குப் பெருமை. நோட்டை அத்தை பார்த்ததில்லை. பார்த்தாலும் அவளுக்குப் படிக்கத் தெரியாது. அவளுடைய கதையும் அந்த நோட்டும் பதினொரு வருடம் ஒரே வீட்டில் இருந்தன.

அக்கா அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்து நின்றாள். “அப்ப நான் தூக்குன கொடத்துக்கெல்லாம் யாரு பதில் சொல்றது?” என்றாள்.

பிறகு கரண்டியை அப்பா பக்கம் நீட்டி, “என் நேரமும் பஸ்ஸுதானா?” என்று கேட்டாள்.

“நீ பொறந்தப்ப ஏது பஸ்ஸு? ஒன்னுது கோழி கூவுன நேரம்” என்றார் அப்பா.

“கோழி பரவால்ல. டயரு வெடிக்காது” என்றாள் அத்தை.

ஆத்தாதான், “போயிக் கேட்டுட்டு வாங்க” என்றாள். ஜோசியர் இரண்டு மைல் தொலைவில் அடுத்த ஊரில் இருந்தார். அப்பா, அத்தை, நான் மூவரும் மூன்று மணிக்குக் கிளம்பினோம். கண்மாய்க்கரை மேலே போனால் குறுக்கு வழி. கரை ஏறும் இடத்தில் அப்பா நின்றார். பிறகு கருவேலங்காட்டைச் சுற்றிப் போகும் நீள வழியில் நடந்தார். அத்தை சேலையை முள்ளில் மாட்டாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள்.

ஜோசியர் முற்றத்தில் மனைவியோடு கடலை உரித்துக்கொண்டிருந்தார். அறுபதுக்கு மேல் இருக்கும், மெலிந்த உடம்பு. நாலு மணிக்கு மேல் கிளம்பிய பஸ் எங்கள் ஊருக்கு நாலரைக்கு வந்திருக்கும் என்று அப்பா சொல்லி முடிக்கும்வரை உரிப்பதை நிறுத்தவில்லை.

“நேரம் நீங்க கொண்டாந்தது. கணக்கு என்னுது. கணக்குல பிசகிருந்தா சொல்லுங்க, கேட்டுக்கிறேன்.”

“கணக்க யாரும் குத்தஞ்சொல்லல” என்றார் அப்பா.

“நாலரைன்னா லக்னமே மாறிப்போகும். அப்ப அந்தக் கண்டம் இந்தப் புள்ளைக்கு இல்ல.”

அத்தை கைகொட்டினாள். “பாத்தியாண்ணே! இந்த ஊர்ப்பக்கம் பாதிப் பேரு ஜாதகத்த அந்த டிரைவருதான் எழுதியிருக்கான் போலருக்கு.”

ஜோசியருக்கு அது பிடிக்கவில்லை. கடலைத் தோலை ஊதிக்கொண்டே, “சிரிக்கிறதுக்கில்ல தாயி. பழசு போச்சுன்னா புதுசா ஒண்ணு இருக்கும்ல. அதுல என்ன இருக்குன்னு போட்டுத்தான பாக்கணும்” என்றார்.

நான் கேட்டேன்: “தப்புனா தீர்க்காயுள்னு எழுதியிருக்கீங்களே, அது?”

அவர் முதல் தடவையாக என்னைப் பார்த்தார். “படிச்சிருக்கியா? அதுவும் அந்த லக்னத்துக்குச் சொன்னதுதான் ஆத்தா. அதுவும் இல்லைன்னுதான் வச்சுக்கிறணும்.”

அப்பாவின் பக்கம் திரும்பி, “நாளைக்கே ஒக்காந்து போட்டுரலாம். நாலரைன்னு வச்சுக்கிருவமா?” என்றார்.

அப்பா நோட்டை மடியில் வைத்திருந்தார். அட்டையை ஒரு தடவை தடவினார். “வேணாங்க” என்றார்.

“ஏண்ணே?” என்றாள் அத்தை.

“நாலரைங்கிறதும் பஸ்ஸு சொன்ன நேரந்தான.”

திரும்பும்போது அப்பா கண்மாய்க்கரை மேலேயே நடந்தார். என்னைத் தண்ணீருக்கு மறுபக்கம் விட்டுக்கொண்டு, கையைப் பிடித்துக்கொண்டார். மாசிக் கண்மாயில் பாதிக்குத்தான் தண்ணீர் இருந்தது. நடுவில் கொக்குகள் நின்றன. ஓரத்தில் இரண்டு எருமைகள் கழுத்தளவு அமிழ்ந்து கிடந்தன. அவ்வளவு தண்ணீரை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை. பார்ப்பதற்குச் சாதாரணமாக இருந்தது. அதனால்தான் பயம் வந்தது. நான்கு மாதமாக வராத பயம். அதுவரை எனக்கு ஒரு தேதி இருந்தது. அதைத் தாண்டிவிட்டால் நீண்ட ஆயுளும் இருந்தது. கரையில் ஏறி இறங்குவதற்குள் இரண்டும் போய்விட்டன. எல்லோரையும் போல ஆகிவிட்டேன். மற்ற பிள்ளைகள் தினமும் இப்படித்தான் இருக்கிறார்களா என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

பாதிக் கரையில் அப்பா, “முதல் பாரத்துல என்னென்ன பாடம்?” என்று கேட்டார். எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். இங்கிலீஷ் என்றதும், “அதுல ஜாதகம் உண்டா?” என்றார். அவர் வேடிக்கையாகப் பேசி நான் கேட்டது மிகக் குறைவு. ஆகவே இதைக் குறித்து வைத்திருக்கிறேன். அந்த வாரம் வாத்தியாரிடம் பெயர் கொடுத்தார். ஜூன் மாதம் நான் சேர்ந்தேன்.

ஆனால் அன்று மாலை வீட்டில் அப்படி ஒன்றும் சந்தோஷம் இல்லை. அத்தை வாசலிலிருந்தே, “கண்டமே இல்ல அண்ணி! எல்லாம் அந்த டயரு பண்ணுன வேல” என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனாள். ஆத்தா அரிசி களைந்துகொண்டிருந்தாள். கையை எடுக்கவில்லை.

“அப்ப இன்னைக்கோட முடியலையா?” என்று அப்பாவைக் கேட்டாள்.

“எது?”

“தண்ணி.”

அப்பா நோட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

“இன்னைக்கோட முடிஞ்சிரும்னு இருந்தேன்” என்றாள் ஆத்தா. “பதினோரு வருஷம் பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்துட்டோம், இன்னும் ஒரு நா, நாளைக்கு இவள ஊருணிக்கு அனுப்பிரலாம், அப்பறம் அவ பாடுன்னு இருந்தேன். இப்ப அது தப்பு, இது தப்புன்னா, எந்த நாளு வரைக்கும் நான் பாத்துக்கிட்டுக் கெடக்குறது?”

“எல்லாரும் கெடக்குற மாதிரிதான் அண்ணி” என்றாள் அத்தை, இந்தத் தடவை மெதுவாக.

ஆத்தா களைந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு உலையில் அரிசியைப் போட்டாள். சாப்பாட்டுக்கு அவரைக்காய்க் குழம்பு. அக்கா எனக்குப் பெரிய பங்கு வைக்கவில்லை, சமமாக வைத்தாள். பொழுது பஸ் அன்று வரவே இல்லை. நாங்கள் மாடுகளை இருட்டைப் பார்த்துக் கட்டினோம். எட்டு மணிக்குப் படுத்தேன். பென்சிலால் அன்றைய குறிப்பை எழுதும்போது, கடைசி என்று தலைப்புப் போட ஒரு வாரமாக நினைத்திருந்தேன். போடவில்லை. தேதியை மட்டும் எழுதினேன்.

9ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை. முதல் பஸ்ஸுக்கு முன்பே ஆத்தா என்னை எழுப்பினாள். பல் துலக்க விடவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு எங்கள் கமலைக் கிணற்றுக்கு நடந்தாள். கிழக்கே அப்போதுதான் வெளுத்திருந்தது. ஒரு கயிற்றை என் இடுப்பில் கட்டி, மறுமுனையைக் கல்தூணில் இரண்டு சுற்றுச் சுற்றினாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, படியில் இறங்காமல் மேலிருந்தே குதித்தாள். அவளுக்கு நீச்சல் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். தலையைச் சிலுப்பிக்கொண்டு கடைசிப் படியின் பக்கம் வந்தாள்.

“எறங்கு.”

“பயமா இருக்கு ஆத்தா.”

“எனக்குந்தான். எறங்கு.”

இறங்கினேன். மேலே வெதுவெதுப்பாகவும் முழங்காலுக்குக் கீழே குளிராகவும் இருந்தது. கழுத்துவரை வந்ததும் ஆத்தா என்னைத் தண்ணீரின் மேல் குப்புறப் படுக்கவைத்தாள். “வாய மூடிக்க. கால ஒதறு. கையால தண்ணிய ஒதுக்கு. என்னப் பாக்காத, அங்கிட்டுப் பாரு.” வயிற்றுக்குக் கீழே அவளுடைய கை இருந்தது. பத்துவரை சத்தமாக எண்ணினாள். பிறகு கையை எடுத்தாள்.